சொர்ணம் அக்காவின் பி.பி. நம்பர்

1

போன வாரம் என் மகள் கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெரிய அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். மனித வாழ்க்கையை மாற்றிய இயந்திரங்கள் என்பது தலைப்பு. சக்கரம், அச்சு இயந்திரம், நீராவி ரயில், டெலிபோன், கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் படம் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுத வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் மனித குலத்தின் மொத்தக் கதையையும் ஒரே அட்டையில் அடக்கச் சொல்கிற ஊர் இது. அடுப்படித் தரையில் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி வசந்தா அவளைத் தாண்டித் தாண்டித்தான் சாம்பார் வைத்தாள்.

அட்டையின் கடைசியில் ஒரு கேள்வி. வீட்டில் பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுத வேண்டியது: உங்கள் வாழ்க்கையை மாற்றிய இயந்திரம் எது?

"அப்பா, லிஃப்ட்னு எழுதவா?" என்று கேட்டாள். நான் மெல்போர்னில் லிஃப்ட் மெக்கானிக். அவள் கேட்டதில் தப்பில்லை.

"டெலிபோன்னு எழுது."

"ஒய்?"

"அது பெரிய கதைம்மா."

"ஒரு லைன்தான் இருக்குப்பா," என்று அட்டையைக் காட்டினாள். உண்மைதான், ஒரே ஒரு கோடு. என் அம்மாவோடு பேச உதவியது என்று சொன்னேன். அவள் அதை ஆங்கிலத்தில் அழகாக எழுதிக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். எழுதியது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைக் கேட்க இந்த வீட்டில் ஆளில்லாததால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது தொண்ணூற்று இரண்டில். அதுவரை தேனாம்பேட்டையில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. வீடு தி. நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷ நடை. ஒரே வீட்டை நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் சொர்ணம் அக்கா குடும்பம். அக்காவின் கணவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை போட்டவர். கடைக்காரர் வீடு என்பதால் அங்கே போன் இருந்தது. என் அப்பாவும் போனுக்குப் பதிவு செய்து வைத்திருந்தார். போன் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் கிளம்பி வந்த பிறகு, தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா அந்தப் பாதி வீட்டில் தனியாக இருந்தாள்.

ஆகவே எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, லெட்டர், வேலைக்கான விண்ணப்பம் எல்லாவற்றிலும் அக்கா வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் மறக்காமல் பி.பி. என்று எழுதுவோம். நம்பர் எங்களுடையது அல்ல, கூப்பிட்டால் எங்களைக் கூப்பிட்டு விடுவார்கள் என்பதற்கு அந்த இரண்டு எழுத்து போதும். அன்றைக்குப் பாதி மாம்பலம் பி.பி.யில்தான் ஓடியது.

இங்கே வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பினேன். ஊரில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று ஒரு கட்டம், அவர் என்ன உறவு என்று அடுத்த கட்டம். சொர்ணம் என்று அவள் அப்பா பெயரோடு சேர்த்து எழுதி 'சிஸ்டர்' என்று போட்டேன். கவுண்டரில் இருந்த பெண்மணி, அப்படியானால் அவருடைய தகப்பனார் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கிருந்த ஆங்கிலத்துக்கு அதை விளக்க முடியவில்லை. அடித்துவிட்டு 'நெய்பர்' என்று எழுதினேன். வெளியே வந்த பிறகும் அந்த அடித்தல் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் நேரம் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். எடுப்பது அக்காதான்.

"மெல்போர்னா? வை, வை. பத்து நிமிசம் கழிச்சுப் பண்ணு. டீச்சரம்மா! ஏ டீச்சரம்மா! மெல்போர்ன் வந்துட்டு!"

நான் வைப்பதற்குள்ளேயே அந்தச் சத்தம் சுவரைத் தாண்டிப் போய்விடும். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வருவாள். போனில் புடவை தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "சொர்ணம் வீட்ல நாலு பேர் இருப்பாங்கடா," என்றாள். அண்ணாச்சி டிவி சத்தத்தைக் குறைப்பார். அம்மாவுக்கு நாற்காலி போடப்படும். அந்த வாரத்தில் எனக்கு நடந்த எல்லாவற்றையும் அந்த வீடே கேட்டுக்கொண்டிருக்கும்.

அம்மா எப்போதும் ஒன்றே சொல்வாள்: "நான் நல்லா இருக்கேன், நீ உடம்பைப் பாத்துக்கோ." அவள் எழுந்து போனதும் அக்கா போனை வாங்குவாள். எனக்கு முக்கியமான இரண்டு நிமிஷம் அதுதான்.

"ஏ சேகரு, நல்லா இருக்கேன்னாங்கல்லா? நம்பாத. ரெண்டு நாளா காய்ச்சலு. கஞ்சி வச்சுக் குடுத்தேன். பாதியக் குடிச்சிட்டு மீதிய எனக்குத் தெரியாம துளசிக்கு ஊத்திட்டாங்க."

இன்னொரு முறை, "தையல் டீச்சரு ஊசியில நூல் கோக்க என்னையக் கூப்பிடுதாங்க. கண்ணுல பொரை விழுந்திருக்கு. நீ காசு அனுப்புதயோ இல்லையோ, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு வார்த்த சத்தம் போடு. நான் சொன்னா கேக்க மாட்டேங்காங்க," என்றாள். நான் சத்தம் போட்டேன், கண் ஆபரேஷன் நடந்தது. அக்கா சொல்லாவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. அம்மா நூல் கோக்க முடியாத கண்ணோடு 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பாள்.

இந்தப் பக்கத்துப் பொய்யும் அக்காவிடம் பலிக்காது. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது நான் சிரித்துச் சிரித்துப் பேசினேன். அம்மா நம்பிவிட்டாள். அக்கா போனை வாங்கி, "என்னடே, சிரிப்பு ரொம்பக் கூடுதலா இருக்கு?" என்று கேட்டாள்.

3

அம்மாவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அப்பாவின் திதிக்கு மறுநாள் நான் கூப்பிட்டேன். அன்று அவள் என்னோடு பேசி அழவேண்டும் என்று நினைத்து வந்தாளாம். எதிரே அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதனால் மெல்போர்னில் குளிரா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். இதைப் பிறகு லெட்டரில் எழுதியிருந்தாள். படித்துவிட்டு நான்தான் போன் விஷயத்தை முடுக்கினேன். அப்பா பெயரில் கிடந்த பதிவை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அப்பா இறந்ததற்குச் சான்று, அம்மா அவர் மனைவிதான் என்பதற்குச் சான்று, அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்பதற்குச் சான்று. எல்லாக் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு அம்மாவோடு அலைந்ததும் சொர்ணம் அக்காதான். தொண்ணூற்று ஆறில் போன் வந்தது.

லைன்மேன் வந்து வேலை செய்ததை அம்மா போனில் அப்படியே நடித்துச் சொன்னாள். படுக்கும் அறையில் வைக்கச் சொன்னதற்கு அவர், "இன்னாம்மா நீ, ஒயரே இவ்ளோதான் கீது. இத்த இஸ்துகினு உள்ள போவ முடியாது. வாசல் ரூம்லயே வெச்சிக்கோ," என்று சொல்லிவிட்டாராம். ஆகவே நடுச்சுவரை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் போன் உட்கார்ந்தது. அக்கா கேசரி கிளறி எடுத்துவந்து போனுக்குக் குங்குமம் வைத்தாள். முதல் போனே அவளுடையதுதான். பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டு, "டீச்சரம்மா, கேக்கா?" என்றாளாம். போன் இல்லாமலே கேட்டது என்று அம்மா சிரித்தாள்.

இதில் பொறாமை எங்கே வந்தது, புகைச்சல் எங்கே வந்தது? எதுவும் இல்லை. கெடுத்தது நான்.

இந்த ஊரில் காலையிலிருந்து இரவு வரை நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். டிராமிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி. கதவைப் பிடித்தவருக்கு நன்றி. கடையில் மீதிச் சில்லறை கொடுத்தவருக்கு நான் நன்றி சொல்ல, வாங்கிக்கொண்டதற்கு அவர் எனக்கு நன்றி. நான் பழுது பார்க்கப் போகும் ஒரு கட்டடத்து லிஃப்ட், கதவு மூடப்போகிறது என்று பேசும். அங்கே குடியிருக்கும் ஒரு கிழவர் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். முதலில் சிரித்தேன். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, நாலு வருஷத்தில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்குப் போன் வந்த வாரம் ஒரு கடைக்குப் போய், பூப்படம் போட்ட நல்ல நன்றி அட்டை ஒன்று வாங்கினேன். உள்ளே என் கையாலேயே தமிழில் எழுதினேன்: "அன்புள்ள அக்கா, இத்தனை வருஷம் உங்களுக்கு மிகவும் தொந்தரவு கொடுத்துவிட்டேன். நீங்கள் செய்த உதவிக்கு மிக்க நன்றி. அம்மாவுக்கே போன் வந்துவிட்டதால் இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது." எழுதி முடித்துவிட்டு இரண்டுமுறை படித்துப் பார்த்துத் திருப்தியோடு ஒட்டி அனுப்பினேன். பெரிய மனுஷத்தனமான காரியம் செய்துவிட்ட நினைப்பு.

அட்டை போய்ச் சேர்ந்த நாளில் அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தாளாம். "உங்க மவன் எனக்கு டாட்டா காட்டிட்டான், டீச்சரம்மா. ஆத்தக் கடக்க வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்துட்டா நீ யாரோ நான் யாரோ. தொந்தரவுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா?"

அம்மா எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். அது இன்னும் மோசமாகப் போயிருக்கிறது. அன்றோடு அக்கா எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

4

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. தெரிவிக்கிற ஆள்தான் போய்விட்டாளே! ஒவ்வொரு ஞாயிறும் நேராக அம்மாவிடமே பேசினேன். பத்து நிமிஷக் காத்திருப்பு இல்லை, அண்ணாச்சியின் பேப்பர் இல்லை. அம்மா ஆசைப்பட்ட மாதிரி இரண்டு முறை மனம்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு பழையபடி "நான் நல்லா இருக்கேன்." கவிதாவிடம் போனைக் கொடுத்தால் 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். முன்பெல்லாம் அக்கா அவளை விடமாட்டாள். "ஏட்டி, தமிழ்ல ஒரு பாட்டுப் பாடு, இல்லாட்டி போன வைக்க மாட்டேன்," என்று மிரட்டுவாள். பிள்ளையும் சிரித்துக்கொண்டே நாலு வரி பாடும். இப்போது பாட்டியும் நலம், பேத்தியும் நலம், மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும்.

ஐந்து மாதம் கழித்து ஒரு லெட்டரில், ரேஷன் கடைக் கதைக்கும் கரண்ட் கட்டுக்கும் நடுவில், 'சொர்ணம் இப்போது வருவதில்லை, உன் அட்டையில் கொஞ்சம் வருத்தம்' என்று அம்மா ஒரு வரி எழுதியிருந்தாள். பதறிப்போய் அக்கா நம்பருக்கே கூப்பிட்டேன். பட்ட பிறகாவது புத்தி வரவேண்டுமே, வரவில்லை. எடுத்த எடுப்பில், "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க," என்றேன்.

"நன்றி முடிஞ்சி இப்ப மன்னிப்பா? நீங்க என்ன திருடனா, கொலகாரனா? நல்லா இருங்க, தம்பி."

இருங்க என்றாள். பிறந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

மகள் ஒட்டிய அட்டையைப் பார்க்கும்போது இதுதான் எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு இயந்திரத்தின் கீழும் அது எவ்வளவு தூரத்தைக் குறைத்தது, எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்று எழுதியிருக்கிறாள். அது நடுவிலிருந்து யாரை எழுப்பி அனுப்பியது என்று எழுத இடமில்லை. அச்சு வந்ததும் ஏடு எழுதிக் கொடுத்தவர் எழுந்து போனார். எழுத்துப் படித்ததும், தபாலை வாசித்துக் காட்டிய தபால்காரர் வாசலோடு நின்றுவிட்டார். குழாய் வந்ததும் கிணற்றடிப் பேச்சு போயிற்று. என் சோறே அந்த வகைதான். அண்ணா சாலைக் கட்டடங்களில் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்த மாடியில் யார், இன்றைக்கு யார் லீவு, யாருக்கு மாரடைப்பு என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவரை எழுப்பிவிட்டு, பொத்தானை நாமே அமுக்கும் லிஃப்டை மாட்டியவர்களில் நானும் ஒருவன்.

அதற்காக அவரைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. அந்த மனிதர் அதிகாரிகளை ஏற்றுவார், சாப்பாட்டுக்கூடை தூக்கி வரும் அம்மாவைப் படியேறிப் போகச் சொல்வார். பொத்தான் அப்படியெல்லாம் ஆள் பார்க்காது. இயந்திரத்தால் மனிதனுக்கு நிறைய விடுதலை கிடைத்திருக்கிறது. என் அம்மாவுக்கு அழக் கிடைத்த அந்த இரண்டு ஞாயிறு சின்ன விஷயமில்லை. ஆனால் நடுவில் இருந்தவர் நமக்காக என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்பது, அவர் போன பிறகுதான் தெரிகிறது. தெரிந்தபோது என் அம்மா எழுபது வயதில், உண்மையைச் சொல்ல ஆளில்லாமல், ஒரு போனோடு தனியாக இருந்தாள். ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் பயப்பட ஆரம்பித்தேன்.

5

போன வருஷம் ஒரு ஞாயிறு. வழக்கம்போல ஊர் நேரம் பத்து மணிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள் என்று கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன். பிறகு இன்னொரு முறை, நன்றாக நீள அடிக்கவிட்டேன். எடுக்கவில்லை.

அக்கா வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். விரல் அதை அமுக்கப் போனது. அந்த 'நல்லா இருங்க, தம்பி' காதில் விழுந்தது. எந்த முகத்தோடு கேட்பது? இனிமேல் தொந்தரவு இருக்காது என்று கைப்பட எழுதிக் கொடுத்தவன் நான். அம்மா கபாலி கோயிலுக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெளியே போய்க் காரைக் கழுவினேன். ஆமாம், காரைக் கழுவினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கௌரவம் பார்த்தேன் என்பதுதான் அதற்குப் பெயர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுப் போன் அடித்தது. எடுத்ததும் காது கிழிந்தது.

"ஏ சேகரு! சேகருதானா? நான் சொர்ணம் பேசுதேன்!"

அக்கா தானாக வெளிநாட்டுக்குக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. எங்கிருந்து பேசுகிறாள் என்று கேட்பதற்குள் பின்னால் ஓர் ஆண்குரல், "இன்னாம்மா இவ்ளோ கத்துற? போன்லதான பேசிகினு கீற, மெதுவா பேசினாலே ஆஸ்திரேலியாவுக்குக் கேக்கும்," என்றது. தெருமுனை ஐ.எஸ்.டி. பூத். வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட வசதி இல்லை.

"நீரு சும்மா இரும்," என்று அவரை அடக்கிவிட்டு அக்கா என்னிடம் சொன்னாள். "பதறாத. உங்கம்மா குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு டாக்டர்ட்ட காட்டியாச்சு. வலது கை மணிக்கட்டு முறிஞ்சிருக்கு, கட்டுப் போட்டாச்சு. காலு வீக்கந்தான், வேற ஒண்ணுமில்ல. ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. நான் சொல்லுதேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். "எப்படித் தெரிஞ்சுது அக்கா உங்களுக்கு?"

"சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கு, அடிக்கு, அடிச்சிக்கிட்டே இருக்கு. பத்து மணி, ஞாயித்துக்கிழம. வேற யாரு, நீதான். எங்க போனாலும் பத்து மணிக்குத் திரும்பி வந்து போன் பக்கத்துல உக்காந்திருக்க பொம்பளையாச்சே, ஏன் எடுக்கலன்னு பாத்தேன். மொத மட்டம் விட்டுட்டேன், நமக்கென்னன்னு. ரெண்டாவதும் விட்டுட்டேன். மூணாவது மட்டம் என்னால முடியல. கதவு உள்ள தாப்பா. பொறவாசல் சுவர் ஏறிக் குதிச்சேன்."

"நீங்களா?"

"பின்ன உங்க மெல்போர்ன்ல இருந்து ஆளு வருவானா? ஒரு மணி நேரமா ஈரத்துல கெடந்திருக்காங்க. போன் அடிக்கது கேக்குது, எந்திரிக்க முடியல. நான் போனதும், 'சொர்ணம், பையன் பயந்துடுவான், நல்லா இருக்கேன்னு சொல்லிடு'ன்னாங்க. நல்லா இருக்க லெச்சணத்தப் பாரு!"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நான் இங்கே ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன். பூத்காரர் பின்னால் மீட்டர் ஓடுவதை ஞாபகப்படுத்தினார்.

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. ஒரு நாளைக்கு முப்பது தடவை முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்கிற வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"ஏதாச்சும் நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, இப்பமே வச்சிருவேன்," என்றாள் அக்கா.

மூடிக்கொண்டேன். கையில் கட்டோடு அம்மாவை நினைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு இன்றும் இடுப்புவரை முடி. காலையில் எழுந்ததும் தலை பின்னாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

"அக்கா, வலது கையாச்சே. அம்மாவுக்கு யாரு தலை பின்னிவிடுவா?"

"கேக்கான் பாரு கேள்வி," என்றாள். "நான் எதுக்குல இருக்கேன்?"